மாறா விகிதமும் மாறும் வரலாறும்: மன்னாரின் குடித்தொகையும் கடனும்

‘ஆண்டுக்கு இத்தனை சதவீத வளர்ச்சி’ என்னும் தொடர் திட்ட அறிக்கைகளிலும் வரவுசெலவுத் திட்ட உரைகளிலும் கடன் விளம்பரங்களிலும் ஒரே குரலில் ஒலிக்கின்றது. இத்தொடருக்குப் பின்னால் நிற்கும் கணித வடிவம் பெருக்கல் விருத்தியாகும். பாடசாலையில் அதனைப் பயின்று தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். ஆயினும் மக்கள் எத்தனைபேர், கடன் எவ்வளவு, நாளை என்ன ஆகும் என்பன குறித்து அதிகாரமுடையோர் பேசும் பேச்சுக்கு அதுவே இலக்கணமாக அமைந்துள்ளது. இலக்கணம் அறியாதவன் ஒரு பனுவலை நுணுகி வாசித்தல் இயலாது. எண்களாலாகிய பனுவலுக்கும் இது பொருந்தும்.

இக்கட்டுரை மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையோரப் பெருநிலத்தையும் களமாகக் கொண்டு, சீரான சதவீத வளர்ச்சியைப் பெருக்கல் விருத்தி எவ்வாறு உருப்படுத்துகின்றது என்பதை விளக்க முற்படுகின்றது. அவ்விருத்தியின் உயிர்நிலையாகிய ‘மாறா விகிதம்’ எண்ணின் இயல்பன்று, சமூக உறவொன்றின் விளைவு என்பதை நிறுவுவதே இதன் நோக்கமாகும்.

1. விருத்தியின் இலக்கணம்

ஓர் எண்ணுடன் ஒரே தொகையை மீண்டும் மீண்டும் கூட்டிச் செல்வோமாயின் பெறப்படுவது கூட்டல் விருத்தி. ஓர் எண்ணை ஒரே எண்ணால் மீண்டும் மீண்டும் பெருக்கிச் செல்வோமாயின் பெறப்படுவது பெருக்கல் விருத்தி. 100, 110, 120 என்பது முன்னதற்கும், 100, 110, 121 என்பது பின்னதற்கும் உதாரணங்களாகும். முதலிரு உறுப்புகளைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. மூன்றாம் உறுப்பிலேயே வேறுபாடு தலைகாட்டுகின்றது. காலம் செல்லச்செல்ல அது பிளவாக விரிவடைகின்றது.

சதவீத வளர்ச்சி பெருக்கல் விருத்தியாவது எங்ஙனம்? ஒரு தொகை ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்கின்றது என்றால், ஆண்டிறுதியில் பழைய தொகை முழுவதும் அதன் நூற்றில் மூன்று பங்கும் சேர்ந்து நிற்கும். அதாவது பழைய தொகை 1.03 ஆல் பெருக்கப்படுகின்றது. மறு ஆண்டில் இந்தப் புதிய தொகையே 1.03 ஆல் பெருக்கப்படும். இந்த 1.03 என்பதே பொது விகிதம். தொடக்கத் தொகையைப் பொது விகிதத்தால் எத்தனை ஆண்டுகளோ அத்தனை தடவை பெருக்கினால் இறுதித் தொகை கிடைக்கும். தேய்வுக்கும் இதுவே விதி. ஆண்டுக்கு 3 சதவீதம் குறைவதாயின் விகிதம் 0.97 ஆகும்.

மறுதலையாகவும் செல்லலாம். தொடக்கத் தொகையும் இறுதித் தொகையும் தெரியின், பின்னதை முன்னதால் வகுத்து, ஆண்டுகளின் எண்ணிக்கைக்கேற்ற மூலத்தைக் காண வேண்டும். பத்தாண்டெனில் பத்தாம் மூலம். மடக்கை வாய்பாடோ கணிப்பொறியோ இவ்வேலையைச் செய்துவிடும். இரட்டிப்பாகும் காலத்தை மதிப்பிட எளிய வழியொன்றுண்டு: 70ஐ வளர்ச்சிச் சதவீதத்தால் வகுக்கலாம். சிறு சதவீதங்களுக்கு இது பெரும்பாலும் பிழைப்பதில்லை.

2. மன்னாரின் குடித்தொகை: 1881 முதல் 1981 வரை

குடிசன மதிப்பீடுகளின்படி மன்னார் மாவட்டத்தின் குடித்தொகை 1881இல் ஏறத்தாழ 21,000. 1931இல் ஏறத்தாழ 25,000. 1981இல் ஏறத்தாழ 1,06,000. ஐம்பது ஆண்டுகள் கொண்ட இரு பகுதிகளாக இந்நூற்றாண்டை வகுத்து நோக்குவோம். முதற் பகுதியில் குடித்தொகை 1.19 மடங்காயிற்று. ஐம்பதாம் மூலத்தைக் காணின், ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 0.35 சதவீதமாகும். இவ்வேகத்தில் இரட்டிப்பாக 200 ஆண்டுகள் வேண்டும். இரண்டாம் பகுதியில் குடித்தொகை 4.24 மடங்காயிற்று. ஆண்டு வளர்ச்சி 2.9 சதவீதம், இரட்டிப்புக் காலம் 24 ஆண்டுகள்.

ஒரே நிலம். ஆயினும் விகிதம் எட்டு மடங்கு வேறுபடுகின்றது. முதல் ஐம்பதாண்டில் மலேரியாவும் பாழடைந்த குளங்களும் பெருநிலத்தை வாட்டின. பெருந்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் மன்னார் வழியாகவே நடந்து சென்றனர். அம்மண்ணில் அவர்கள் தங்கவில்லை. இரண்டாம் பகுதியில், 1940களின் பிற்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட மலேரியா ஒழிப்பு, கட்டுக்கரைக்குளத்தை அண்டிய நெற்செய்கை, இலவச சுகாதார சேவை ஆகியன இறப்பைக் குறைத்தன. 1977ஆம் ஆண்டு வன்செயலுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வந்தோருட் சிலரும் இம்மாவட்டத்தில் குடியேறினர். எனவே விகிதம் என்பது கருப்பையின் இயல்பால் மட்டும் விதிக்கப்பட்ட எண்ணன்று. நிலம், நீர், மருந்து, அரசு, அச்சம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன.

மால்தஸ் 1798இல் வெளியிட்ட நூலில், மக்கள்தொகை பெருக்கல் விருத்தியாகவும் உணவு கூட்டல் விருத்தியாகவும் பெருகும் எனக் கூறி, வறுமையை இயற்கை விதியாக்கினார். வரலாற்றில் தோன்றிய ஒவ்வோர் உற்பத்தி முறைக்கும் அதற்கேயுரிய மக்கள்தொகை விதி உண்டு என்பது 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் முன்வைத்த கருத்தாகும். மன்னாரின் இரு ஐம்பதாண்டுகளும் பின்னவர் கூற்றுக்கே சான்று பகர்கின்றன.

3. நீட்டப்பட்ட கோடும் அறுந்த கோடும்

1971இல் மாவட்டத்தின் குடித்தொகை ஏறத்தாழ 78,000. பத்தாண்டில் அது 1,06,000 ஆனமையால் ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 3.1 சதவீதமாகும். இவ்விகிதம் மாறாதிருப்பின் என்னவாகியிருக்கும்? பத்தாண்டுக்கு 1.357 மடங்கு. ஆகவே 1991இல் ஏறத்தாழ 1,43,800, 2001இல் 1,95,200, 2012இல் 2,73,000. இதே 3.1 சதவீதத்தை 1981ஆம் ஆண்டுத் தொகைக்கு மட்டும் கணித்து, ஆண்டுதோறும் 3,286 பேரைக் கூட்டிச் சென்றால் 2012இல் பெறுவது ஏறத்தாழ 2,08,000 மட்டுமே. பிறந்தோர் வளர்ந்து தாமும் பெற்றோராவர் என்பதைக் கூட்டல் விருத்தி அறியாது. பெருக்கல் விருத்தி அறியும். ஆதலின் குடித்தொகைக்குப் பின்னதே பொருத்தமான வடிவம்.

ஆனால் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தில் எண்ணப்பட்டோர் ஒரு இலட்சத்திற்கும் சற்றுக் குறைவானோரே. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்னிருந்த தொகையைக்கூட மாவட்டம் எட்டவில்லை.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை இவ்விதழின் வாசகர் அறிவர். 1983இன் பின்னர் தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறி இராமேஸ்வரத்தை அடைந்தோர் மண்டபம் முகாமிலும் தமிழகத்தின் பிற முகாம்களிலும் தலைமுறை கடந்து வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய மன்னார் ஊர்களின் மக்கள் உடைமைகளை இழந்து புத்தளத்தில் அகதிகளாயினர். மடுத் தேவாலய வளவு அகதிமுகாமாயிற்று. 2007 தொடக்கம் பெருநிலத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகி, மக்களுட் பலர் வன்னியின் உட்பகுதியை நோக்கிச் சென்றனர். இவற்றுக்கிடையே, 1991இல் நாட்டில் குடிசன மதிப்பீடே நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றதும் வடக்கில் முழுமை பெறவில்லை. மக்கள் இழக்கப்பட்ட காலமே அவர்கள் எண்ணப்படாத காலமாகவும் அமைந்தது.

4. இடைவெளியை வாசித்தல்

எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையில் ஏறத்தாழ 1,73,000 பேர் இடைவெளி காணப்படுகின்றது. இதனை எவ்வாறு வாசிப்பது? இவ்வெண்ணை ‘இழந்த மக்கள்’ என மேடையில் முழங்குதல் எளிது. அது தவறாகும். விகிதத்தை மாற்றினால் இடைவெளியும் மாறும். இலங்கை முழுவதன் குடித்தொகை 1981இல் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம். 2012இல் 2 கோடியே 4 இலட்சம். அதாவது நாட்டின் வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே. கருவள வீதம் எங்கும் குறைந்துவந்தது. நாட்டின் வேகத்திலேயே மன்னாரும் வளர்ந்திருப்பின் 2012இல் ஏறத்தாழ 1,45,000 பேர் இருந்திருப்பர். அப்போது இடைவெளி 46,000 அளவில் நிற்கும். அந்த இடைவெளியினுள்ளும் இறந்தோர், புலம்பெயர்ந்தோர், புத்தளத்தில் எண்ணப்பட்டோர், பிறவாதோர் ஆகியோர் கலந்தே நிற்கின்றனர். விருத்தி ஒரு வினாவை எழுப்பலாம், விடையைத் தரவல்லதன்று.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. 1981, 2012 ஆகிய இரு எண்களை மட்டும் கொண்டு முப்பத்தோராம் மூலத்தைக் கணித்தால், மன்னாரின் ‘சராசரி ஆண்டு வளர்ச்சி’ ஏறத்தாழ 0.2 சதவீதத் தேய்வு என வரும். கணக்கில் பிழையில்லை. ஆயின், ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவர் மெல்லக் குறைந்த அமைதியான ஊரொன்றின் சித்திரம் அதனாற் கிடைக்கின்றது. பெருக்கற் சராசரி இரு முனைகளை மட்டுமே அறியும். இடையில் நிகழ்ந்த வெளியேற்றத்தையும், வெறுமையான ஊர்களையும், மீள்குடியேற்றத்தையும் அது ஒரே மென்கோடாக வழித்துவிடுகின்றது. கருத்துநிலை எப்போதும் பொய்யுரைத்தே செயற்படும் என்பதில்லை. சரியான சராசரி ஒன்றைத் தவறான இடத்தில் வைப்பதும் அதற்குப் போதுமானது.

ஈண்டு மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள் 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் எழுப்பிய வினாவை நினைவுகூர்தல் தகும். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் கச்சேரிப் பதிவுகளின்படி 4,29,059 பேர். போரின் முடிவுவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதே அவ்வினா. இதில் விருத்தியுமில்லை, எதிர்வுகூறலுமில்லை. இரு பதிவுகளுக்கிடையிலான வெறும் கழித்தல் அது. அதன் வலிமையும் அங்கேயே உள்ளது. விகிதத்தின் மீது பழிபோட்டு அதனைத் தட்டிக்கழிக்க இயலாது. பதிவேடுகளைத் திறந்து பதிலளிக்கவே வேண்டும். எங்கு விருத்தி தகும், எங்கு கழித்தலே தகும் என்பதை அறிதல் கணிதத் தேர்ச்சியாவதோடு அரசியல் தெளிவுமாகும்.

5. விகிதம் காவல் செய்யப்படும் இடம்

குடித்தொகையில் எவராலும் நிலைநிறுத்த இயலாத மாறா விகிதம், வேறோர் இடத்தில் மிகக் கவனமாகக் காவல் செய்யப்படுகின்றது. அதுவே கடன்.

வட்டியாயின் எப்போதும் பெருக்கல் விருத்தி என்பதில்லை. மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர்பெற்றிருந்த சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வட்டி ‘பொலிசை’ எனப்படும். நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் இடையர்வசம் ஒப்படைக்கப்பட்டன. அவை ‘சாவா மூவாப் பேராடு’கள். ஆடு இறக்கும், மூக்கும், ஈனும். ஆயினும் நிவந்தத்தில் அதன் எண்ணிக்கை மாறாது. இயற்கையில் மந்தை பெருக்கல் விருத்தியாகப் பெருகக்கூடியது. அறக்கட்டளையோ ஈட்டத்தை முதலுடன் சேர்ப்பதில்லை. நாள்தோறும் இவ்வளவு நெய் என விளக்கில் அது எரிந்துவிடும். கோயில் நிலவுடைமை ஆதிக்கத்தின் நிறுவனமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று இதனாற் புலனாகும்: ஈட்டம் முதலுடன் சேருமா சேராதா என்பதைத் தீர்மானிப்பது கணிதமன்று, சமூகமே.

இன்றைய கரையோரத்துக்கு வருவோம். கரைவலையோ இயந்திரமோ வாங்கச் சம்மாட்டியிடமோ முதலாளியிடமோ முற்பணம் பெறுதல் பழைய வழக்கு. போருக்குப் பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. கடலுக்குச் செல்லும் குடும்பம் ஒன்று 50,000 ரூபாவை மாதம் 3 சதவீத வட்டிக்குப் பெறுவதாகக் கற்பனை செய்வோம். மாதம் 3 என்றால் ஆண்டுக்கு 36 எனவே பலரும் எண்ணுவர். எதுவும் செலுத்தப்படாவிடின் பொது விகிதம் 1.03, பன்னிரண்டு தடவை பெருக்கினால் 1.426. கடன் 71,288 ரூபாவாகும். ஆண்டு வட்டி 42.6 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவதற்குள்ளேயே கடன் இரட்டிப்பாகிவிடும்.

தவணை முறையில் செலுத்துவதாயின், ஒவ்வொரு மாதமும் எஞ்சிய கடன் 1.03 ஆல் பெருக்கப்பட்டுத் தவணை கழிக்கப்படும். பன்னிரண்டு மாதத்தில் கணக்கு முடிய வேண்டுமாயின், பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகைச் சூத்திரப்படி, தவணை 5,023 ரூபாவாகும். முதல் மாதம் 50,000 ரூபா 51,500 ஆகித் தவணை கழிந்து 46,477 ஆகும். அடுத்த மாதம் 42,848 ஆகும். கடன் தேயத்தேய வட்டியும் தேயும். மொத்தமாகச் செலுத்துவது ஏறத்தாழ 60,300 ரூபா.

ஆனால் சிறுகடன்களில் வேறொரு முறையும் வழங்கிவந்துள்ளது. தொடக்கக் கடன்தொகை முழுவதற்கும் இறுதி மாதம்வரை வட்டி கணிக்கப்படும். 50,000 ரூபாவுக்கு மாதம் 1,500 வீதம் ஆண்டுக்கு 18,000; மொத்தம் 68,000; தவணை ஏறத்தாழ 5,667 ரூபா. கடைசி மாதத்தில் கடனாளியிடம் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5,400 ரூபா மட்டுமே. வட்டியோ 50,000 ரூபாவுக்கு! இத்தவணையை விளைவிக்கும் உண்மையான பொது விகிதத்தைத் தேடினால் அது 1.03 அன்று, ஏறத்தாழ 1.051. ஆண்டளவில் வட்டி 80 சதவீதத்தைக் கடக்கின்றது. சுவரொட்டியில் ‘3’ என்றே இருக்கும். எழுதப்படாத விகிதம் வீட்டின் அடுப்பில் தெரியும்.

இவ்விகிதத்தை மாறாது காப்பது எது? கடலன்று. சோளகம் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் கடல் ஒரே முகம் காட்டுவதில்லை. ஒருநாள் வலை நிறையும். ஒரு வாரம் வெறுங்கையோடு திரும்ப நேரும். இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் சென்றால் முதலே போய்விடும். இழுவைமடித் தொழில் 2017இல் இலங்கைச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டும் அப்படகுகளின் வருகை ஓயவில்லை. உழைப்பின் பலன் ஏறியும் இறங்கியும் செல்ல, கடன் மட்டும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றது. ஒப்பந்தமும் நீதிமன்றமும் குழுப் பிணையும் அயலார்முன் தலைகுனிவு நேருமோ என்னும் அச்சமுமே அவ்விகிதத்தின் காவலர்கள். நுண்நிதிச் சட்டம் 2016இல் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. காவலை நிறுத்தினால் விருத்தியும் நிற்கும் என்பதை அவ்வறிவிப்பே ஒப்புக்கொண்டது.

6. முத்துக்குளிப்பு தந்த பாடம்

மூலதனத்தின் எதிர்பார்ப்பை இயற்கை மறுத்த கதையொன்று இக்கரைக்கே உரியது. சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளில் 1903 முதல் தொடர்ச்சியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது. 1905இல் கிடைத்த பெருவிளைச்சலால் ஊக்கமுற்ற பிரித்தானிய மூலதனத்தார், 1906இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபது ஆண்டுக் குத்தகையாக முத்துப் பார்களைப் பெற்றனர். 1907இன் பின் சிப்பிகள் இல்லை. கம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த முத்துக்குளிப்பு 1925இலேயே கைகூடிற்று. சில ஆண்டுகளின் ஏற்றத்தை இருபது ஆண்டுகளுக்கு நீட்டியமையே இங்கு நேர்ந்த பிழை. எனினும் கம்பனிக்கு ஒரு வசதி இருந்தது: நட்டம் வந்தபோது தன்னைக் கலைத்துக்கொள்ள அதனால் முடிந்தது. கடன்பட்ட மீனவக் குடும்பம் தன்னைக் கலைத்துக்கொள்ள இயலாது.

7. முடிவுரை

பதினெட்டாம் நூற்றாண்டில் றிச்சாட் பிரைஸ் என்பார், இயேசு பிறந்த அன்று கூட்டுவட்டிக்கு இடப்பட்ட ஒரு பென்னி, பல கோடிப் பூமியுருண்டைகளை நிறைக்கும் பொன்னாகப் பெருகியிருக்கும் எனக் கணக்கிட்டார். ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் இதனை எள்ளி நகையாடுகின்றார். பிரைஸின் பெருக்கலில் பிழையில்லை. வட்டி உழைப்பிலிருந்தே பிறக்கின்றது, உழைக்கும் உடலுக்கும் நாளுக்கும் எல்லையுண்டு என்பதை அவர் மறந்தார். பணம் தானே ஈனும் என அவர் நம்பினார்.

ஆகவே பெருக்கல் விருத்தியைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. விதிக்கப்பட்ட நிபந்தனையினுள் அது முற்றிலும் நேர்மையான கருவி. 36 எனக் கூறப்பட்டதன் பின்னால் 80 மறைந்திருப்பதை வெளிக்கொணர்ந்தது அதுவே. ஒரு சதவீதத்தைக் கேட்கும்போது நாம் எழுப்பவேண்டிய வினாக்கள் நான்கு: எத்தொகையின் மீது? எக்காலத்திற்கு? ஈட்டம் முதலுடன் சேர்கின்றதா? விகிதம் மாறாதிருக்கக் காவல் நிற்பவர் யார்? முதல் மூன்றுக்கும் கணிதம் விடை தரும். நான்காவதற்கு விடை காணப் பேசாலைக் கரைக்கும், எருக்கலம்பிட்டித் தெருவுக்கும், மண்டபம் முகாமுக்கும் செல்ல வேண்டும்.